செம்மண் தடத்துக்கு ஆறு வார ஆயத்தம்

கோலா சிலாங்கூர் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது நான்கு: கம்போங் குவாந்தான் மின்மினிகள், புக்கிட் மெலாவத்தியில் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம், அங்கே தோளில் ஏறி உட்காரும் வெள்ளிநிற லூத்தோங் குரங்குகள், பாசிர் பெனாம்பாங்கில் மீன் சாப்பாடு. மதியம் கோலாலம்பூரில் புறப்பட்டால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பிவிடலாம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போய்வர இதைவிட வசதியான இடம் பக்கத்தில் இல்லை.

அதே ஊரிலிருந்து கடலுக்கு முதுகைக் காட்டி உள்ளே திரும்பினால் வேறொரு கோலா சிலாங்கூர் இருக்கிறது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, அதற்கும் அப்பால் புக்கிட் தாகார் வரை செம்பனை, செம்பனை, மேலும் செம்பனை. தார்ச்சாலையில் காரில் போகிறவருக்கு அது ஜன்னலுக்கு வெளியே ஓடும் பச்சைச் சுவர். சுவருக்குப் பின்னால் செம்மண் தடங்கள் இருக்கின்றன. அவற்றில்தான் நம் தாத்தா பாட்டிகள் வேலைக்குப் போனார்கள், பெண் எடுத்தார்கள், பிணம் தூக்கினார்கள்.

அந்தத் தடங்களில் வழிகாட்டியோடு இரண்டு நாள் ஸ்கிரம்பளர் ஓட்டிவிட்டு வந்திருக்கிறோம். ஆறு பேர். எல்லாரும் முப்பதுகளில் இருப்பவர்கள், குளிரூட்டி அறையில் கணினி முன் உட்கார்ந்து சம்பாதிப்பவர்கள். இரண்டு நாள் பயணத்துக்கு ஆறு வாரம் ஆயத்தம் செய்தோம். போய்வந்த பிறகு நண்பர்கள் கேட்பதெல்லாம் அந்த இரண்டு நாளைப் பற்றித்தான். எனக்கோ அந்த ஆறு வாரத்தைப் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது.

யாருடைய சாலை?

'ஆஃப்-ரோடு' என்ற சொல்லே நகரத்துச் சொல். சாலை இல்லாத இடத்தில் ஓட்டுவது என்று பொருள். தோட்டத்தில் இருந்தவர்களுக்கோ அதுதான் சாலை. விடிவதற்கு முன் பெரட்டுக்கு நடந்ததும், பால் வாளியைக் காண்டாவில் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்ததும், பிறகு கொஞ்சம் காசு சேர்ந்து ஒரு காப்சாய் வாங்கி மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் படம் பார்க்கப் போனதும் அதே தடத்தில்தான். காலணி, கவசம், கண்ணாடி எதுவும் அவர்களிடம் இல்லை.

எங்கள் வழிகாட்டியும் அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் பிறந்தவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முதல் சந்திப்பிலேயே, "வேகமா ஓட்டத் தெரிஞ்சவங்க எனக்கு வேணாம் தம்பி. நிறுத்தத் தெரிஞ்சவங்கதான் வேணும்" என்றார். எங்களுக்கு அவர் கொடுத்த முதல் வேலை வண்டியைப் பற்றியது அல்ல. அனுமதியைப் பற்றியது.

தோட்டத்துச் சாலை பொதுச் சாலை அல்ல. அது நிறுவனத்தின் சொந்த நிலம். வாயிலில் காவலர் இருப்பார், தடுப்புக் கம்பி இருக்கும். எந்த நாளில், எத்தனை வண்டி, எந்தத் தடம், எந்த நேரத்துக்குள் வெளியேறுவோம் என்று நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுதி, ஒப்புதல் வந்த தோட்டங்களை மட்டுமே பாதையில் சேர்த்தார். ஒப்புதல் கிடைக்காத ஓர் இடத்துக்காகப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போனோம். வனக் காப்பகத்துக்குள் நுழைவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் காட்டு எல்லையோடு நின்றுகொண்டோம். "கேட்டுட்டுப் போனா விருந்தாளி. கேக்காமப் போனா திருடன். நெல்லுக்கும் செம்பனைக்கும் ஒரே சட்டம்தான்" என்பது அவர் கணக்கு.

வெட்டு நடக்கும் பகுதி எது என்பதையும் அந்தக் கடிதப் போக்குவரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். உயர்ந்த மரத்திலிருந்து நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் குலையை அறுக்கும்போது இருபது கிலோ எடை கீழே வரும். வெட்டுபவர் மேலே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கண்ணில் நாம் படமாட்டோம். வெட்டு நடக்கும் நிரைக்குள் எந்தக் காரணம் கொண்டும் வண்டி போகக்கூடாது.

நான்கு மண்

வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மண்ணைத் தெரிந்துகொள்ளச் சொன்னார். இந்த வட்டாரத்தில் ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள் நான்கு வகை மண் வருகிறது. ஒவ்வொன்றிலும் ஓட்டும் முறை வேறு.

கடலோரம், அதாவது ஜெரம், தஞ்சோங் காராங் பக்கம், களிமண். ஒரு காலத்தில் கண்டல் காடாக இருந்த சேற்று நிலம். காய்ந்திருக்கும்போது சிமெண்டுத் தரை போல இருக்கும். பத்து நிமிட மழை போதும், சோப்புக் கட்டியாகிவிடும். டயரின் பள்ளங்களில் மண் அப்பிக்கொண்டு சக்கரம் மொட்டையாகச் சுழலும். இங்கே முன் பிரேக்கைத் தொட்டால் விழுவோம். மழை வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுத் தேநீர் குடிப்பதே நல்ல ஓட்டுநருக்கு அழகு.

வடக்கே ராஜா மூசா வனக் காப்பகத்தை ஒட்டிய பகுதி கம்புட் மண். சில ஆயிரம் ஆண்டுகளாக நீரில் ஊறி, முழுதும் மட்காமல் அடுக்கடுக்காகக் கிடக்கும் இலையும் வேரும் மரமும்தான் அது. மேலே நடந்தால் மெத்தை போல அமுங்கும். வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி ஆக்சிலரேட்டரை முறுக்கினால் பின்சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். இந்த மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. காய்ந்தால் எரியும். அதுவும் நிலத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், வாரக்கணக்கில். 2005 ஆகஸ்டு 11ஆம் தேதி கோலா சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் புகைமூட்டத்துக்காக அவசர நிலை அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு அப்போது 500ஐத் தாண்டியிருந்தது. அந்தப் புகையில் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வந்தது. எரிந்ததில் பெரும்பங்கு இதே வகைக் கம்புட் நிலம். எங்கள் பயண விதிகளில் 'சிகரெட் கிடையாது' என்பது எழுதியே இருந்தது. சூடான புகைபோக்கியோடு வண்டியைக் காய்ந்த புல்லின்மேல் நிறுத்தக்கூடாது என்பதும் அப்படியே.

மூன்றாவது, உள்நாட்டு மேட்டுத் தோட்டங்களின் செம்மண். சரளைக் கல் கலந்தது. கொஞ்சம் ஈரமாக இருந்தால் இதைவிட இன்பமான தடம் இல்லை. வெயில் காலத்தில் முன்னால் போகிறவர் கிளப்பும் தூசியில் பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வண்டிக்கும் வண்டிக்கும் இடையே தூசி அடங்கும் அளவு இடைவெளி வேண்டும். திருப்பங்களில் குலை ஏற்றிய லாரி எந்த நேரமும் வரலாம். அது நமக்காக நிற்காது, நிற்கவும் முடியாது.

நான்காவது, பெஸ்தாரி ஜெயா பக்கத்து வெள்ளை மணல். ஈயம் எடுத்த காலத்தில் கப்பல் போன்ற பெரிய இயந்திரங்கள் மண்ணை அள்ளி, அலசி, ஈயத்தை எடுத்துக்கொண்டு மணலைக் கொட்டிவிட்டுப் போயின. அள்ளிய பள்ளங்கள் இன்று ஏரிகள். பார்க்க அழகு. கரை நம்பத்தகாதது. மணலில் பயந்து வேகத்தைக் குறைத்தால் முன்சக்கரம் புதைந்து கைப்பிடி திரும்பிவிடும். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, ஒரே சீரான வேகத்தில் போக வேண்டும். ஏரிக்கரையிலோ இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

வண்டி

நாங்கள் எடுத்தவை 150 முதல் 250 சிசி வரையிலான ஸ்கிரம்பளர்கள். நம் நாட்டில் பி2 உரிமம் உள்ளவர்கள் 250 சிசி வரை ஓட்டலாம். பெரிய வண்டி வேண்டும் என்ற ஆசை ஆண்களுக்குச் சீக்கிரம் வரும். சேற்றில் விழுந்த வண்டியை ஒரு நாளில் பத்து முறை தூக்கி நிறுத்தும்போது அந்த ஆசை சீக்கிரமே போய்விடும். எங்கள் குழுவில் இருந்த ஒரே பெண் 150 சிசி வண்டி எடுத்தார். முதல் நாள் மாலையில் களைப்பில்லாமல் இருந்தவரும் அவர் ஒருவர்தான்.

வண்டியில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஆனால் ஒன்றையும் விடக்கூடாது. காற்று வடிகட்டியைக் கழுவி, காயவைத்து, அதற்குரிய எண்ணெய் பூசியிருக்க வேண்டும், இல்லையென்றால் தோட்டத்துத் தூசி இன்ஜினைத் தின்றுவிடும். சங்கிலியைச் சற்றுத் தளர்வாக விட வேண்டும், ஏனென்றால் சேறு சேரச் சேர அது இறுகும். கிளட்ச், பிரேக் பிடிகளின் ஆணியை முழுக்க முறுக்காமல் விட்டால், விழும்போது பிடி உடையாமல் திரும்பிக்கொள்ளும். தார்ச்சாலையில் 25 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்த டயர் காற்றைச் செம்மண்ணில் 16, 18 வரை இறக்கினோம். டயர் அகன்று மண்ணைக் கவ்வுவதற்காக. அதற்கும் கீழே போனால் வேரிலோ கல்லிலோ மோதும்போது உள்டியூப் நசுங்கிக் கிழியும். திரும்பித் தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் அடித்துக்கொள்ளச் சிறிய பம்பு எல்லார் பையிலும் இருந்தது.

செம்பனைத் தோட்டத்தில் டயருக்குப் பெரிய எதிரி மட்டை முள். ஆணி போல உறுதியானது. தோட்டங்களில் ஒரு நிரை விட்டு ஒரு நிரையில் வெட்டிய ஓலைகளைக் குவித்து வைப்பது வழக்கம். ஒன்று நடக்கும் வழி, அடுத்தது ஓலைக் குவியல். வழி எது, குவியல் எது என்று தெரியாமல் திருப்பினால் டயரும் போகும், காலும் கிழியும். குவியலுக்குள் நாகம் படுத்திருக்கவும் வாய்ப்புண்டு. எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். எலியைப் பிடிக்கத்தான் பல தோட்டங்களில் கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். பெட்டிக்கு அடியில் வண்டியை உறுமவிட்டு நிற்காதீர்கள். பகலில் அது தூங்கும் நேரம்.

உடம்பு

வண்டி ஓட்டுவதற்கு என்ன உடற்பயிற்சி என்று கேட்பவர்கள் ஒரு மணி நேரம் கால்மிதியின்மேல் நின்றுகொண்டே ஓட்டிப் பார்க்கலாம். கரடுமுரடான தடத்தில் உட்கார்ந்து ஓட்டினால் முதுகெலும்புதான் ஷாக் அப்சர்பர். நின்று, முழங்காலால் டாங்கியை அணைத்து, பார்வையைச் சக்கரத்தில் வைக்காமல் பத்து மீட்டருக்கு முன்னால் வைத்து ஓட்ட வேண்டும். அதற்குத் தொடை வேண்டும், இடுப்பு வேண்டும், விரல் பிடி வேண்டும். ஆறு வாரமும் வாரத்துக்கு நான்கு நாள் உட்கார்ந்து எழும் பயிற்சி, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி போல் நிற்கும் பயிற்சி, ஈரத் துணியைப் பிழியும் பயிற்சி. கடைசியாகச் சொன்னதை வீட்டில் உள்ளவர்கள் மிகவும் வரவேற்றார்கள்.

அதைவிட முக்கியம் வெயில். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெயிலைப் பற்றி என்ன பாடம் என்று தோன்றும். நாள் முழுதும் குளிரூட்டியில் இருக்கும் உடம்பு வெயிலை மறந்துவிடுகிறது. மீண்டும் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதனால் கடைசி மூன்று வாரங்கள் உடற்பயிற்சிக் கூடத்தை விட்டுவிட்டு மாலை ஐந்து மணி வெயிலில் வெளியே நடந்தோம், ஓடினோம். கவசமும் காலணியும் போட்டுக்கொண்டு ஓட்டும்போது உடம்பு வெளியேற்றும் வியர்வை சாதாரணமானது அல்ல. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் சிறிது சிறிதாகக் குடிக்க முதுகுத் தண்ணீர்ப் பை வேண்டும். வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மருந்துக் கடைப் பொட்டலம் இல்லாத இடத்தில் இது போதும். கூட வருபவர் உளறினாலோ, தலைசுற்றித் தடுமாறினாலோ, சூடேறிய உடம்பில் வியர்வை நின்றுபோனாலோ அது களைப்பு அல்ல. உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து, 999ஐ அழைக்க வேண்டும்.

காலில் புண் இருந்தால் நீர் புகாதபடி கட்டு போட்டுக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பாரிட்டுகளில் தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். பயணம் முடிந்த சில வாரங்களுக்குள் கடுங்காய்ச்சல் வந்தால், தோட்டத்து நீரில் இறங்கியதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போவதுதான் முதலுதவி. இந்த வட்டாரத்துக்கு அரசாங்க மருத்துவமனை தஞ்சோங் காராங்கில் இருக்கிறது. அங்கே போகும் வழியை ஆறு பேரும் மனப்பாடம் செய்திருந்தோம், ஏனென்றால் தோட்டத்துக்குள் பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது.

அம்மாவின் வரைபடம்

என் அம்மா பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே ஒரு பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். பெஸ்தாரி ஜெயா என்ற புதுப் பெயர் இன்னும் அவர் வாயில் வருவதில்லை. அவர் இருந்த லயம் இடிக்கப்பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. காரில் போக அங்கே வழி இல்லை. நாங்கள் போகும் தடம் அந்தத் தோட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது என்று தெரிந்ததும் இடத்தைக் காட்டச் சொல்லி அம்மாவிடம் செயற்கைக்கோள் படத்தை நீட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வடக்கு தெக்கெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. ஸ்டோருக்கு முதுகைக் காட்டி நில்லு. சோத்துக்கைப் பக்கம் பெரட்டுக் களம். பீச்சாங்கைப் பக்கம் ஆயாக் கொட்டாய். அதைத் தாண்டுனா பைப்படி. பைப்படிக்கு மேல மேடு, மேட்டுல மாரியம்மன். முனீஸ்வரரு எல்லையில, பெரிய மரத்தடியில. எங்க வீடு மூணாவது லயத்துல கடைசி."

இதை ஒரு தாளில் வரைந்து வழிகாட்டியிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "நல்ல மேப்பு இது. மேடும் தண்ணியும் மாறாது தம்பி. வீட்டை இடிப்பாங்க. முனீஸ்வரர் மரத்துல கைவைக்க யோசிப்பாங்க. மரத்தைப் புடிச்சா மத்ததெல்லாம் வந்துரும்" என்றார். அன்று முதல் குழுவில் மற்ற ஐவரும் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதேபோல் கேட்கத் தொடங்கினார்கள். அவர்களில் இருவருக்குக் கேட்பதற்கு ஆள் இல்லை.

தடத்தில்

முதல் நாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பத்து மணிக்குள் இரண்டு பேர் விழுந்து எழுந்தாயிற்று. கவசம் தன் வேலையைச் செய்தது. சிராய்ப்புகூட இல்லை.

இந்த வட்டாரத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் தென்னமரம் தோட்டம். அச்சுப்பிழை அல்ல. தோட்டத்தின் பெயரே அதுதான், சுத்தமான தமிழ்ப் பெயர். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் அங்கேதான் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. ஃபோக்கோனியே பின்னர் இந்தத் தோட்ட வாழ்க்கையை வைத்து 'மலேசீ' என்ற நாவலை எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றார். இன்று நாடெங்கும் பல லட்சம் ஹெக்டரில் நிற்கும் ஒரு பயிர், தென்னமரம் என்று பெயர் கொண்ட மண்ணிலிருந்து தொடங்கியது என்பதை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. பெஸ்தாரி ஜெயாவுக்குப் போனால் பெயர்ப்பலகையிலேயே பார்க்கலாம்.

வடகிழக்கே போகப் போக வேறு பெயர்கள் வருகின்றன: புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, நைஜல் கார்ட்னர், மின்யாக். புக்கிட் தாகார் என்றால் தலைநகரவாசிகளுக்குக் குப்பை கொட்டும் நிலம் நினைவுக்கு வரும். நம்மவர்களுக்கு அது வீடு கேட்டுக் காத்திருந்தவர்களின் பெயர். இந்த ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள், 200க்கும் மேற்பட்ட குடும்பங்கள், சொந்த வீட்டுக்காக ஒரு தலைமுறைக் காலம் போராடினார்கள். 2023இல்தான் வீட்டுத் திட்டத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. வேகமாக ஓட்டிக் கடக்கக்கூடிய இடமாக எனக்கு அது தெரியவில்லை. குடியிருப்பை நெருங்கும்போது முதல் கியரில், தூசி எழாமல் போவது எங்கள் விதி. ஒரு பாட்டி கைகாட்டி நிறுத்தி, "யாரு வீட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்திருப்பதும் ஆயத்தத்தில் சேரும்.

மதியத்துக்குப் பிறகு அம்மாவின் தோட்டம். வழிகாட்டி சொன்னபடியே முதலில் தெரிந்தது மரம்தான். ஒரே உயரத்தில் நின்ற செம்பனைகளுக்கு நடுவே தனியாகத் தலைதூக்கிய பெரிய மரம். அடியில் சூலம், சுற்றிக் கட்டிய சிவப்புத் துணி, இன்னும் வாடாத எலுமிச்சம் பழம். யாரோ வாராவாரம் வருகிறார்கள். வண்டிகளை அணைத்துவிட்டு இறங்கினோம். வழிகாட்டி பையிலிருந்து சூடம் எடுத்தார். கருவிப்பெட்டியில் பிளக்குக்குப் பக்கத்தில் அவர் எப்போதும் சூடம் வைத்திருப்பார்.

அங்கிருந்து தாளைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். மேடு இருந்தது. மேட்டில் கோயில் இல்லை. அடித்தளம் மட்டும். செம்பனை நிரைக்குள் இடையிடையே மாமரம், ஒரு பலா, கொல்லைப்புறத்துச் செம்பருத்தி. வீடு போனாலும் வீட்டு மரங்கள் போகவில்லை. புல்லை விலக்கியபோது மூன்று சிமெண்டுப் படிகள் தெரிந்தன. படம் எடுத்துக்கொண்டேன். சிக்னல் கிடைத்த இடத்துக்கு வந்ததும் அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது: "ஆயாக் கொட்டாய்ப் படி. நடுப்படியில ஒரு ஓரம் உடைஞ்சிருக்கும், பாரு." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடைந்திருந்தது.

அந்தப் படிகளிலிருந்து ஐம்பது அடி தள்ளிச் சிவப்பு நாடா கட்டிய அளவைக் குச்சிகள் வரிசையாக நின்றன. இந்தப் பக்கத்தில் பல தோட்டங்கள் வீடமைப்பு நிலமாக மாறிவருகின்றன. அடுத்த வருடம் இங்கே வழி இருக்குமா என்று வழிகாட்டியைக் கேட்டேன். "வழி இருக்கும். தார் போட்டிருப்பாங்க" என்றார்.

இரவு கம்போங் குவாந்தானில் மின்மினி பார்த்தோம். ஆற்றங்கரை பெரம்பாங் மரங்களில் அவை ஒன்றாக விளங்கி ஒன்றாக அணைவதைப் பார்க்க, முதலில் நம் விளக்குகளை அணைக்க வேண்டும். கைப்பேசி, கேமரா வெளிச்சம் எதுவும் கூடாது. அவற்றின் புழுக்கள் ஆற்றங்கரைச் சதுப்பில் நத்தைகளைத் தின்று வளர்பவை. கரையை அழித்தால் மரம் இருந்தும் பூச்சி இருக்காது.

போக விரும்புவோருக்கு

ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை மழையைத் தவிர்ப்பது நல்லது. ஜூன், ஜூலை ஏற்றவை. கடும் வறட்சியும் புகைமூட்டமும் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வழிகாட்டியை அமர்த்துமுன் நான்கு கேள்வி கேளுங்கள். எந்தத் தோட்டங்களின் அனுமதி எழுத்தில் இருக்கிறது? குழுவுக்குப் பின்னால் கடைசி ஆளாக யார் வருவார்? காப்புறுதி தோட்டத் தடத்துக்கும் பொருந்துமா? யாராவது அடிபட்டால் வெளியே கொண்டுவர நான்கு சக்கர வண்டி எங்கே நிற்கும்? நான்குக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேறு ஆளைத் தேடுங்கள்.

தலைக்கவசம், கண்ணாடி, முழங்கால் முழங்கைக் கவசம், கணுக்காலை மூடும் கெட்டியான பூட்ஸ் கட்டாயம். பூட்ஸைப் பயணத்தன்று புதிதாகப் போடாமல் முன்பே பழக்குங்கள். மாற்று டியூப், சங்கிலி இணைப்பு, பிளக், கிளட்ச் பிடி, இழுவைக் கயிறு ஆகியவற்றைக் குழுவில் பங்கு போட்டுத் தூக்கலாம். நீரில் இன்ஜின் நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரை அழுத்தாமல் முதலில் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றுங்கள்.

ஓட்டத் தெரியாதவர்களும் இந்தப் பயணத்தில் பங்கெடுக்கலாம். உங்கள் வீட்டில் தோட்டத்தில் பிறந்தவர் யாராவது இருந்தால், ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஸ்டோருக்கு முதுகைக் காட்டி நின்றால் எந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கேட்டு வரைந்து வையுங்கள். அதற்கு உரிமமும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். சொல்பவர் இருக்கும்போதே கேட்டுவிட்டால் போதும்.